முதல் ஆடியோ டிரைவர்: எந்தச் சிப்பில் தொடங்குவது?

கேள்வி: சி மொழி தெரியும். லினக்ஸ் கெர்னல் மாட்யூல் ஒன்றிரண்டு எழுதிப் பார்த்திருக்கிறேன். ஓப்பன் சோர்ஸ் ஆடியோ டிரைவர் எழுதப் பழக வேண்டும். கையிலுள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸில் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். யூஎஸ்பி ஆடியோ தரத்தைப் பின்பற்றும் கருவிகளுக்கெல்லாம் கெர்னலில் ஒரே பொது டிரைவர் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் கருவி முரண்டு பிடித்தால், பெரும்பாலும் அதன் விதிவிலக்குப் பட்டியலில் நாலு வரி சேர்ப்பதோடு வேலை முடிந்துவிடும். உருப்படியான வேலைதான், ஆனால் டிரைவர் எழுதக் கற்றுத் தராது.

பழகுவதற்கு ஏற்றது 1990-களின் என்சோனிக் இஎஸ்1370 என்ற பிசிஐ சிப். கடையில் தேட வேண்டியதில்லை. கியூஎமு மெய்நிகர் கணினியே இந்தக் கார்டைப் போலி செய்து தரும். கெர்னல் உறைந்தாலும் போவது மெய்நிகர் கணினி மட்டும். உள்ளே டெஸ்க்டாப் இல்லாத லினக்ஸைப் போடுங்கள். கெர்னலோடு வரும் இஎஸ்1370 மாட்யூலை முதலில் தடைப்பட்டியலில் சேருங்கள். இல்லாவிட்டால் அது முந்திக்கொண்டு கார்டைப் பிடித்துக்கொள்ளும், கார்டைக் கண்டதும் அழைக்கப்பட வேண்டிய உங்கள் புரோப் ஃபங்ஷன் ஓடவே ஓடாது.

பிசிஐ சாதனத்தை எழுப்புவது, பஸ் மாஸ்டர் அனுமதி (சிப் தானே நினைவகத்தை அணுகும் உரிமை) தருவது, கெர்னலின் ஒலி அமைப்பான ஆல்சாவில் கார்டை உருவாக்கிக் கடைசியாகப் பதிவு செய்வது எல்லாம் சடங்கு மாதிரி. பஸ் மாஸ்டரை மறந்தால் சிப்பால் நினைவகத்தைப் படிக்க முடியாது, அவ்வளவுதான்.

உண்மையான வேலை மூன்று இடத்தில்: பிரிப்பேர் (ஒலிக்கும் முன் சிப்பைத் தயார் செய்வது), பாயிண்டர் (சிப் பஃபரில் எங்கே இருக்கிறது என்று சொல்வது), இன்டரப்ட் (சிப் தரும் குறுக்கீட்டைக் கையாள்வது).

பிரிப்பேரில் கணக்கு. 44100 ஹெர்ட்ஸ், 16-பிட் ஸ்டீரியோ, 1024 ஃப்ரேம் கொண்ட 4 பீரியட் என்று வைப்போம். ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு கணத்துக்கான இரு சேனல் மாதிரிகளும் சேர்ந்து, 4 பைட். ஒரு பீரியட் முடிந்ததும் சிப் ஒரு இன்டரப்ட் தரும். நான்கு பீரியடும் சேர்ந்த பஃபர் 16384 பைட். சிப் பஃபர் அளவை 4 பைட் அலகில், ஒன்று குறைத்துக் கேட்கும். எனவே 4095 எழுத வேண்டும். 4096 எழுதினால் ஒவ்வொரு சுற்றிலும் பஃபரைத் தாண்டி 4 பைட் குப்பையும் ஒலிக்கும். நொடிக்கு ஏறத்தாழ 11 தடவை ‘டிக்’ கேட்டால் இங்கே பாருங்கள். ஒரு பீரியடின் ஃப்ரேம் எண்ணிக்கைக்கும் இதே ஒன்று குறைப்பு உண்டு: 1023.

பாயிண்டர் இன்னும் குறும்பு. சிப் இப்போது எங்கே இருக்கிறது என்பதை 4 பைட் அலகில் சொல்லும். ஆல்சாவுக்கு ஃப்ரேம் கணக்கில் தர வேண்டும். 16-பிட் ஸ்டீரியோவில் இரண்டும் ஒன்றே என்பதால் மாற்றாமல் விட்டாலும் பாட்டு நன்றாகவே ஓடும். 8-பிட் மோனோ ஃபைலைப் போட்டதும் குட்டு உடையும். அதையும் ஹார்டுவேர் சாதனத்துக்கு நேரடியாக அனுப்பிச் சோதியுங்கள். இடையில் வடிவத்தை மாற்றும் பிளக்கின் இருந்தால் பிழை ஒளிந்துகொள்ளும். பைட் கணக்கையே தந்துவிட்டால் எண் பஃபரைத் தாண்டும். கெர்னல் பதிவில் ‘இன்வேலிட் பொசிஷன்’ என்று வரும்.

இன்டரப்டில் முதலில் சிப்பின் இன்டரப்ட் பிட்டை அணைத்து மறுபடி ஏற்றுங்கள். செய்யாவிட்டால் அதே இன்டரப்ட் விடாமல் வந்து கணினி உறைந்துவிடும். அடுத்து, பீரியட் முடிந்ததை ஆல்சாவிடம் சொல்லும் முன் உங்கள் ஸ்பின்லாக்கை (தூங்காமல் சுழன்றபடி காத்திருக்கும் பூட்டை) விடுவியுங்கள். அந்த அழைப்பு உள்ளுக்குள் உங்கள் பாயிண்டரையே கூப்பிடும். பாயிண்டரும் அதே பூட்டைக் கேட்டால் தனக்குத்தானே காத்துக் கிடக்கும். ஒலியைத் தொடங்கி நிறுத்தும் டிரிகர் ஃபங்ஷனில் மியூட்டெக்ஸும் (தூங்கிக் காத்திருக்கும் பூட்டு) தூக்கமும் கூடாது. ஆல்சா அதைப் பூட்டைப் பிடித்தபடிதான் அழைக்கிறது.

பிளேபேக் ஒழுங்காக ஓடும்வரை கெர்னலில் உள்ள அசல் டிரைவரைத் திறக்காதீர்கள். பார்த்து எழுதினால் அந்த ‘ஒன்று குறை’ ஏன் வந்தது என்றே தெரியாமல் போகும். ஓடிய பிறகு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ரெக்கார்டிங்கை அடுத்துச் சேருங்கள். உங்கள் யூஎஸ்பி கருவிக்கு விதிவிலக்கு தேவையா என்று அப்புறம் பார்க்கலாம். தேவைப்பட்டால், கெர்னலின் எழுத்து நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டில் தேறிய, உங்கள் கையொப்ப வரியுடன் கூடிய ஒரே ஒரு சிறிய பேட்ச் போதும்.