வாசகர் கேள்வி: கல்லறையில் இருக்கும் 37

கேள்வி: ஐயா, என் அம்மாவின் தகப்பன் சீனாக்காரர். துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நிலாவெளி, குச்சவெளி வரை போய் விற்றவராம். அம்மம்மா தமிழ். அம்மா 1943இல் பிறந்தவ. அவவுக்கு ஐந்து வயதிலேயே அம்மப்பா காலமாகிவிட்டார். தன் ஊர் ‘சாந்துங், யே’ என்று சொல்லுவாராம், கடல் பக்கத்தில் என்றும் சொல்லுவாராம். மேப்பில் தேடினால் யே சீனாவின் நடுவில் வருகிறது. அவருடைய கல்லறையில் சீன எழுத்து இருக்கிறது. போனில் படம்பிடித்துப் பார்த்ததில் 37 என்ற எண் மட்டும் விளங்கியது. வயது என்று நினைத்தோம், ஆனால் ஐம்பதைத் தாண்டித்தான் இறந்தார் என்கிறார் பெரிய மாமா. அவர் ஊரைக் கண்டுபிடிக்க ஏலுமா?
– வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, பெரிய மாமா சொல்வதுதான் சரி. அந்த 37 வயது இல்லை, வருடம். சீனக் குடியரசின் ஆண்டுக் கணக்கு 1912ஐ ஒன்று என்று வைத்துத் தொடங்கும். 37உடன் 1911ஐக் கூட்டுங்கள்: 1948. அம்மாவின் ஐந்து வயதோடு பொருந்துகிறதல்லவா?

ஊர்க் குழப்பமும் தீரக்கூடியதுதான். மேப் காட்டுவது ஹெனான் மாகாணத்து யே. சாந்துங் மாகாணத்திலும் ஒரு யே மாவட்டம் இருந்தது. 1988இல் அதன் பெயரை லாய்சோ என்று மாற்றிவிட்டார்கள். யந்தாய் நகர நிர்வாகத்துக்குள், போஹாய் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. கடல் பக்கம் என்று அம்மப்பா சொன்னது இதற்குத்தான் ஒத்துவரும்.

ஆனால் மாவட்டம் தெரிந்தால் ஊர் தெரிந்துவிட்டது என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். சாந்துங்கில் மட்டும் பத்துக் கோடிப் பேர். ஒரே பெயரில் கிராமங்களும் ஏராளம். கிராமத்தின் பெயர் சீன எழுத்தில் கிடைக்கவேண்டும், காதால் கேட்டது போதாது. நம் கந்தோர்களில் எழுதிய குடும்பப் பெயரும் அப்படித்தான்: ‘வொங்’ என்று பதிந்திருந்தால் அது சீன எழுத்தில் வேறு வேறாக எழுதும் இரண்டு குடும்பப் பெயர்களில் எதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே திரும்பவும் கல்லறைக்குப் போங்கள். பொழுதுபடும் நேரம் போய், டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் பிடித்தால் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழும். அப்போது படம் எடுங்கள். கம்பிப் புருசு போடாதீர்கள், சுண்ணாம்பும் பூசாதீர்கள். எங்கள் ஊர் உப்புக்காற்று தின்றது போதும். பெரும்பாலும் நடுவில் பெரிய எழுத்தில் இறந்தவர் பெயர் இருக்கும். ஓரங்களில் ஊரும் திகதியும், கல் நாட்டிய பிள்ளைகளின் பெயரும் வரும். மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக வாசிக்கவேண்டும். போனை நம்பாமல், இப்போது சீனாவில் எழுதும் சுருக்க எழுத்து அல்லாத, பழைய முழு எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவருக்கு அனுப்புங்கள்.

அடுத்தது மாமாவின் அலுமாரி. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் எங்கே பிறந்தவர் என்று பார்த்தது. அதனால் இங்கேயே பிறந்த சீனப் பிள்ளைகள் பலர் விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்தே காலம் தள்ளினார்கள். 2008இல்தான் சீன வம்சாவளியினருக்கென்று தனிச் சட்டம் வந்தது. மாமா அதற்கு விண்ணப்பித்திருந்தால் பழைய கடதாசிகளையெல்லாம் தேடி எடுத்திருப்பார். அவற்றையும், பிள்ளைகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களில் தகப்பன் பிறந்த இடம் என்ற கூட்டையும் பாருங்கள்.

கிராமம் அகப்பட்டால் பிறகு வம்சப் புத்தகம், அதாவது ஒரு குடும்பத்தாரின் பெயர்களைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த புத்தகம். 1966க்குப் பின் கலாசாரப் புரட்சியில் எரிந்தவை நிறைய. மிஞ்சியவற்றில் பெரிய சேகரம் ஷங்ஹாய் நூலகத்தில் இருக்கிறது. ஃபேமிலிசேர்ச் என்ற வம்சாவளி தேடும் இணையத்தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். பல குடும்பங்களில் ஒரே தலைமுறை ஆண்களுக்குப் பெயரில் ஒரு எழுத்து பொதுவாக வரும். கல்லறையில் உள்ள பெயரை வைத்து அம்மப்பா எத்தனையாம் தலைமுறை என்றே பிடிக்கலாம்.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். அந்தப் புத்தகங்களில் பெண்பிள்ளைகளை முறையாக எழுதுவதில்லை, அம்மாவின் பெயரைத் தேடி மனம் நோகாதீர்கள். மற்றது, ஊரில் ஒரு மனைவியையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கப்பலேறியவர்கள் அக்காலத்தில் கனபேர். அம்மப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் அப்படியொரு பெயர் இருந்தால் அதை அம்மாவிடம் சொல்வதா என்பதை, தேடத் தொடங்குமுன் மாமாவோடு பேசி முடிவெடுங்கள்.

கேள்வி: எங்கள் பூட்டனும் சீனாக்காரர். டீஎன்ஏ சோதனை செய்தால் ஊர் தெரியுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: தெரியாது. ஏற்கெனவே சோதித்த சொந்தக்காரர் இருந்தால்தான் பொருத்தம் காட்டும். சீனாவில் மரபணு மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு உண்டு, அங்குள்ள உறவுகள் வெளிநாட்டு நிறுவனங்களின் பட்டியலில் இருப்பது அரிது. உவர்மலைத் தங்கச்சிக்குச் சொன்ன வழியிலேயே போங்கள்.