பிள்ளை தேறி வர அக்கம்பக்கம் என்ன செய்யலாம்? – கேள்வி பதில்

பாலியல் வன்முறைக்கும் அடி உதைக்கும் ஆளான பிள்ளைகளுக்கு உறவினர்களும் தெருக்காரர்களும் ஆசிரியர்களும் எப்படித் துணை நிற்பது என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வரும் வழக்குகளில், குழந்தைகள் நலக் குழு நியமிக்கும் ஆதரவு நபராக இருக்கிறேன். காவல் நிலையம், மருத்துவமனை, நீதிமன்றம் என்று பிள்ளையோடு கூடவே போவதுதான் என் வேலை. மருந்தும் ஆலோசனையும் தேவைதான். ஆனால் பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம்தான் ஆலோசகரோடு இருக்கிறாள். மீதி நேரமெல்லாம் உங்களோடுதான் இருக்கிறாள். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். கேட்டவர்களின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டேன்.

கேள்வி: எதிர்வீட்டுச் சிறுமிக்கு 9 வயது. வழக்குப் பதிவானது தெரு முழுக்கத் தெரியும். அவளைப் பார்த்தால் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. பார்க்காததுபோல் போய்விடுகிறேன். – ஒரு பக்கத்து வீட்டுக்காரர்

பார்க்காததுபோல் போவதுதான் அவளை அதிகம் வாட்டும், அம்மா. நேற்றுவரை "சாப்பிட்டாயா?" என்று கேட்டவர் இன்று முகத்தைத் திருப்பினால், தப்பு தன்மேல்தான் என்று 9 வயதுப் பிள்ளை முடிவுகட்டிவிடும். மார்கழியில் கோலம் போடக் கூப்பிடுவீர்கள் என்றால் இந்த மார்கழியிலும் கூப்பிடுங்கள். கடைக்கு அனுப்பி மிட்டாய்க்குக் காசு கொடுப்பீர்கள் என்றால் இப்போதும் கொடுங்கள். அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கன்னத்தைக் கிள்ளுவது, இழுத்து மடியில் வைத்துக்கொள்வது மட்டும் வேண்டாம். தன்னை யார் தொடலாம் என்பதை இனி அவளே தீர்மானிக்கட்டும்.

நடந்ததைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். "என்னிடம் சொன்னது நல்லது. உன்மேல் எந்தத் தப்பும் இல்லை" என்பது போதும். தெருவில் ஆளாளுக்குத் துருவிக் கேட்கக் கேட்கப் பிள்ளையின் சொற்கள் குழம்பும். நாளை குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு அதுவே பிடிமானம் ஆகிவிடும்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. படுக்கையில் சிறுநீர் கழிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. இப்போது மறுபடியும் தொடங்கிவிட்டது. இரவில் அலறுகிறாள். என்னைக் கழிப்பறைக்குக்கூடப் போகவிடுவதில்லை. மாமியார் மந்திரிக்கச் சொல்கிறார். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? – ஒரு தாய்

இல்லை, தங்கச்சி. அவள் உடம்பும் மனமும் இன்னும் பயத்திலிருந்து இறங்கவில்லை. படுக்கை நனைவது, கெட்ட கனவு, அம்மாவை விடாமல் ஒட்டிக்கொள்வது, சின்னக் குழந்தைபோல் மழலை பேசுவது, திடீர்க் கோபம் இவையெல்லாம் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் நாங்கள் அடிக்கடி காண்பவை. பொம்மையை வைத்து நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடும் பிள்ளைகளும் உண்டு. அதைப் பார்த்துத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள்.

பாயின்மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, கைக்கெட்டும் இடத்தில் மாற்றுப் பாவாடை ஒன்றை மடித்து வையுங்கள். இரவில் நனைந்தால் விளக்கைப் போட்டு, மாற்றிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தூங்க வையுங்கள். காலையில் அந்தத் துணியை மற்றவர்கள் முன்னால் அலசாதீர்கள். கழிப்பறைக்குப் போகும்போது கதவுக்குப் பின்னாலிருந்து பாடிக்கொண்டோ பேசிக்கொண்டோ இருங்கள். உங்கள் குரல் கேட்டால் அவளுக்குப் போதும். சாப்பாடு, குளியல், தூக்கம் எல்லாம் தினமும் ஒரே நேரத்தில் நடக்கட்டும். அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதுதான் பயந்த பிள்ளைக்குப் பெரிய ஆறுதல்.

மாமியாரோடு சண்டை வேண்டாம். கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசுவதால் ஒரு கெடுதலும் இல்லை. வேப்பிலையால் அடிப்பது, புகை போடுவது, முன்பின் தெரியாத ஆண் ஒருவர் முன்னால் தனியாக உட்கார வைப்பது இவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் இல்லாமல் இருந்தாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ, "செத்துப்போகிறேன்" என்று சொன்னாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இத்தகைய பிள்ளைகளுக்கென்றே ஜூடித் கோஹன், ஆன்டனி மேனரினோ, எஸ்தர் டெப்ளிங்கர் மூவரும் அமெரிக்காவில் உருவாக்கிய சிகிச்சை முறை ஒன்று இருக்கிறது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். பிள்ளையோடு சேர்த்துத் தாய்க்கும் அதில் பயிற்சி உண்டு. உங்களை அமைதிப்படுத்துவதும் அவளுக்கான சிகிச்சையின் பாதி என்று அவர்கள் கருதுகிறார்கள். நீங்கள் அழவும் ஓர் இடம் வேண்டும். அது மகளின் முன்னால் வேண்டாம், ஓர் அக்காவிடமோ தோழியிடமோ அழுங்கள்.

கேள்வி: என் வகுப்பில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று வாரம் கழித்துத் திரும்ப வருகிறாள். "மற்ற பெற்றோர் பேசுகிறார்கள், டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்லலாமா?" என்று நிர்வாகத்தில் பேச்சு எழுகிறது. – ஓர் ஆசிரியை

அந்தப் பேச்சை இன்றே நிறுத்துங்கள், டீச்சர். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. பெற்றோரை வற்புறுத்தி டி.சி. வாங்க வைப்பதும் நீக்குவதுதான். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வீடும் தெருவும் மாறிப்போய்விட்டன. மணி அடித்தால் கணக்கு, அடுத்த மணிக்கு அறிவியல் என்று பழையபடியே இருப்பது பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

முதல் நாள் வாசலில் நின்று வரவேற்காதீர்கள். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுடைய பழைய இடத்தில், பழைய தோழிக்குப் பக்கத்திலேயே உட்கார வையுங்கள். கதவுக்கு அருகில் உட்கார விரும்பினால் அதற்கும் இடம் கொடுங்கள். மனம் கலங்கினால் கேட்காமலே எழுந்துபோய் நூலகத்திலோ உங்கள் அறையிலோ பத்து நிமிடம் இருந்துவிட்டு வரலாம் என்று முன்பே தனியாகச் சொல்லிவையுங்கள். அதைப் பயன்படுத்துகிறாளோ இல்லையோ, வழி திறந்திருக்கிறது என்று தெரிந்தாலே வகுப்பில் உட்கார்ந்துவிடுவாள். நீதிமன்றத்துக்குப் போகும் நாட்களின் பாடக் குறிப்புகளைத் தோழியிடம் எழுதி வாங்கிக் கொடுங்கள். ஆண்டு விழா நடனத்துக்கு வழக்கமாகச் சேர்ப்பீர்கள் என்றால் இந்த ஆண்டும் கேளுங்கள். அவளே வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆசிரியர் அறையில் அவள் பெயர் அடிபடக் கூடாது. கிண்டல் அங்கிருந்துதான் பிள்ளைகளுக்கு இறங்குகிறது. இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

கேள்வி: பையன் குடும்பமும் எங்கள் சமூகம்தான். போலீஸ், கோர்ட் என்று அலைந்தால் பெண் பிள்ளையின் பெயர்தான் கெடும். பெரியவர்கள் கூடி, ஒரு தொகை வாங்கிக் கொடுத்துச் சமாதானமாக முடிப்பது குழந்தைக்குத்தானே நல்லது? – ஊர்ப் பெரியவர் ஒருவர்

இல்லை, ஐயா. சமாதானத்தில் நிம்மதி கிடைப்பது பெரியவர்களுக்குத்தான். பிள்ளை தினமும் அதே தெருவில் அவனைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போக வேண்டியிருக்கும். தன் வேதனைக்கு ஊர் ஒரு விலை வைத்தது என்பதை அவள் வளர்ந்த பிறகும் மறக்கமாட்டாள்.

சட்டமும் இதை ஏற்காது. போக்சோ குற்றங்களில் சமரசத்துக்கு இடமில்லை. ராஜஸ்தானில் ஆசிரியர் ஒருவர்மேல் இருந்த வழக்கைச் சமரசத்தின் பேரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. உங்கள் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருக்கிறது என்பது கேள்வியிலேயே தெரிகிறது. அந்த மதிப்பைப் பிள்ளையின் பக்கம் வையுங்கள். "அந்தக் குடும்பத்தை யாரும் ஒதுக்கக் கூடாது, சாட்சியை யாரும் மிரட்டக் கூடாது" என்று நீங்கள் ஒரு முறை சொன்னால், எங்களைப் போன்றவர்கள் பத்து முறை வந்து சொல்வதைவிட எடுபடும்.

கேள்வி: என் அக்கா மகனுக்கு 11 வயது. டியூஷன் எடுத்தவர் தவறாக நடந்துகொண்டார். "ஆண் பிள்ளைதானே, மறந்துவிடுவான்" என்கிறார் மாமா. – ஒரு சித்தி

மறக்கமாட்டான். வெளியில் சொல்லாமல் அடக்கிக்கொள்வான். மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் அத்துமீறலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பையன்கள். போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருவருக்கும் ஒன்றுதான்.

பையன்களுக்குத் தனியாக ஒரு பயம் உண்டு. "என் உடம்பு ஏன் அப்படி எதிர்வினை காட்டியது? நானும் அதை விரும்பினேனா?" என்று உள்ளுக்குள் புழுங்குவார்கள். தொட்டால் உடம்பு தானாகச் செய்வது அது, சம்மதம் ஆகாது என்று நம்பிக்கையான ஓர் ஆண் அவனிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். மாமாவையே அதற்குத் தயார்செய்யுங்கள். "ஆம்பிளை அழக் கூடாது" என்ற பேச்சு அவன் காதில் விழவே வேண்டாம்.

கேள்வி: சிறுமியின் படத்தைப் போட்டு "நீதி வேண்டும்" என்று வாட்ஸ்அப் குழுவில் பகிர்கிறார்கள். ஆதரவுதானே?

உடனே நீக்கச் சொல்லுங்கள். பெயர், படம், பள்ளி, தெரு, பெற்றோர் விவரம் எதையும் வெளியிடக் கூடாது. வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். இன்று பகிரும் படம் அவள் கல்லூரிக்குப் போகும் நாளிலும் யாரோ ஒருவர் கைபேசியில் இருக்கும்.

கேள்வி: செய்தவர் பிள்ளையின் சொந்தச் சித்தப்பா. புகார் கொடுத்ததால் கணவர் வீட்டார் முழுக்க அந்தத் தாயை ஒதுக்கிவிட்டார்கள். கூலி வேலைக்குப் போகிறாள். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவால் என்ன செய்ய முடியும்? – குழுத் தலைவி ஒருவர்

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி, அக்கா. வழக்கின் வலுவும் பிள்ளையின் தேறுதலும் பெரும்பாலும் இந்தத் தாய் தாக்குப்பிடிப்பதில்தான் இருக்கின்றன. சாட்சி சொன்ன பிள்ளைகளைப் பற்றி கெயில் குட்மன் குழுவினர் அமெரிக்காவில் செய்து 1992-இல் வெளியிட்ட ஆய்வும் இதைச் சொல்கிறது. தாயின் ஆதரவு கிடைக்காத பிள்ளைகளும், பல முறை சாட்சிக் கூண்டேற வேண்டியிருந்த பிள்ளைகளும் தேறுவதில் பின்தங்கினார்கள்.

நீதிமன்ற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு வரச் சொல்வார்கள். வழக்கு எப்போது அழைக்கப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைய கூலி போயிற்று. சின்னப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருவாள். வராந்தாவின் மறுகோடியில் கணவர் வீட்டார் பத்துப் பேர் நின்று முறைத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளை தாயின் முந்தானையை வாயில் வைத்துக் கடித்தபடி தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உங்கள் குழுவிலிருந்து இருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். ஒருவர் கைக்குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கில் தயிர்சாதம், தண்ணீர், வண்ணப் பென்சில், ஒரு நோட்டு எடுத்துப்போங்கள். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

பிறகு அவளைச் சில இடங்களுக்கு அழைத்துப்போங்கள். சாப்பாடு, துணி, போக்குவரத்து போன்ற அவசரத் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைத்தால், போக்சோ விதிகள் 2020-இன்படி ஒரு வாரத்துக்குள் பணம் தர வேண்டும். தீர்ப்புவரை காத்திருக்காமல், முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்கறிஞர் இலவசம். ஆதரவு நபர் நியமிக்கப்படவில்லை என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் எழுதிக் கேளுங்கள். பிள்ளைக்குப் பிடிக்காத ஆதரவு நபரை மாற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. என்னையும் மாற்றலாம்.

விசாரணையில் பிள்ளை குற்றம் சாட்டப்பட்டவரை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. திரையோ கேமராவோ வைத்துச் சாட்சியம் பதிவு செய்யலாம். இடையிடையே ஓய்வும் கேட்கலாம். இதை முன்பே சொல்லிவைத்தால் தாயின் பாதிப் பயம் போய்விடும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் சந்தேகப்படும்படி ஏதோ நடக்கிறது. உறுதியாகத் தெரியவில்லை. தவறாகப் போய்விட்டால்? – ஓர் இளைஞர்

உறுதி செய்வது உங்கள் வேலை இல்லை, தம்பி. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள். நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் தண்டனைக்குரியது. நீங்களே போய் விசாரித்தால் பிள்ளை இன்னும் ஆபத்தில் மாட்டக்கூடும்.

கேள்வி: குடிகார அப்பனிடம் அடி வாங்கிய பேரனை நான்தான் வளர்க்கிறேன். இப்போது அவன் மற்ற பிள்ளைகளை அடிக்கிறான். நான் அடித்துத் திருத்தட்டுமா? – ஒரு பாட்டி

வேண்டாம், பாட்டி. அடிப்பதைத்தான் அவன் இதுவரை பார்த்து வந்திருக்கிறான். கை ஓங்கும்போது குறுக்கே நின்று, குரலை உயர்த்தாமல் "இந்த வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை" என்று சொல்லுங்கள். கோபம் தணிந்த பிறகு பேசுங்கள், கொதிக்கும்போது வேண்டாம். மாலையில் கபடியோ கால்பந்தோ ஓடியாடட்டும். பயிற்சி தருபவரிடமும் "அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். அப்பன் குடித்துவிட்டு வாசலில் வந்து நின்றால் தனியாகச் சமாளிக்காதீர்கள். எந்த இரண்டு வீட்டுக்காரர்களைக் கூப்பிடுவது என்று இன்றே பேசி வையுங்கள்.

கேள்வி: 15 வயதுப் பெண். "யாராவது கட்டிக்கொள்ளும்போதே கட்டிக்கொடுத்துவிடலாம்" என்று உறவினர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

18 வயதுக்கு முன் கல்யாணம் செய்து வைப்பது குற்றம். ஏற்கெனவே காயம்பட்ட பெண்ணை, அவள் கேட்காத இன்னொரு படுக்கைக்கு அனுப்புவதும் ஆகும். பேச்சு முற்றினால் 1098-க்குச் சொல்லுங்கள். அவள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு யார் பாடம் சொல்லிக்கொடுப்பது என்பதை உறவினர்கள் பேசட்டும்.

கேள்வி: வழக்கு தோற்றுவிட்டது. அவன் ஊருக்குத் திரும்பிவிட்டான். "அப்படியென்றால் நான் பொய் சொன்னேனா?" என்று மகள் கேட்கிறாள். – ஒரு தந்தை

அவளிடம் இப்படிச் சொல்லுங்கள், ஐயா: "கோர்ட்டுக்குச் சாட்சியம் போதவில்லை. நீ சொன்னதை நானும் அம்மாவும் முதல் நாளிலிருந்தே நம்புகிறோம்." இதை ஒரு முறை சொன்னால் போதாது. அவள் கேட்காத நாளிலும் சொல்லுங்கள்.

விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பாதிக்கப்பட்டவர் தரப்புக்கும் உரிமை இருக்கிறது. அதற்குக் கால வரம்பு உண்டு. தீர்ப்பு நகலை வாங்கிக்கொண்டு இந்த வாரமே சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். மிரட்டினாலோ பின்தொடர்ந்தாலோ அது புதிய குற்றம், புதிதாகப் புகார் கொடுக்கலாம். ஆதரவு நபரையும் மறுபடி அழையுங்கள். வழக்கு முடிந்துவிட்டது என்று அவர் கைகழுவமாட்டார்.

பள்ளிக்குப் போகும் வழியில் அவன் வீடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் அவள் வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள். அவர்கள் வீடுகளுக்கு இன்று மாலையே போய்ப் பேசுங்கள். திங்கட்கிழமை முதல் எல்லாரும் ஒன்றாகப் போகட்டும். முதல் சில வாரம் பெரியவர் ஒருவர் முறைவைத்துக் கூடப் போய்வாருங்கள்.