கிரஷர் சூட்டில் (chute) ஒட்டிய டைல் ஏன் உடைகிறது?

கேள்வி: பர்கூர் அருகே எம்-சாண்ட் கிரஷர் நடத்துகிறேன். கல் சரிந்து இறங்கும் சூட்டின் உள்ளே ஒட்டிய 92 சதவீத அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பீங்கான் டைல்கள் நான்கே மாதத்தில் உடைந்து விழுகின்றன. சிர்கோனியா (சிர்கோனிய ஆக்சைடு) கலந்த டைல் உடையவே உடையாது என்கிறார் ஏஜென்ட்; விலையோ இரண்டு மடங்கு. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் டைல் தேயவில்லை, உடைந்திருக்கிறது. இரண்டும் வேறு கோளாறுகள். நம் பகுதிக் கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸின் கடினம், 1 முதல் 10 வரை செல்லும் மோஸ் அளவில் 7, அலுமினாவுக்கு 9. ஆகவே சரிந்து ஓடும் ஜல்லி அதை எளிதில் தேய்க்காது. ஆனால் அலுமினாவில் ஒரு கீறல் தொடங்கிவிட்டால் நிற்காது. சிர்கோனியா துகள்கள் கீறலின் முனையில் உருமாறி ஏறத்தாழ 4 சதவீதம் பருத்து அதை நெருக்குவதால் உடைவைத் தாங்கும் திறன் கூடுகிறது. உடையாத பீங்கான் என்று எதுவும் கிடையாது.

கல் நேராக வந்து விழும் இடம் மட்டும் தனிக் கணக்கு. சாய்வாக உரசும் கல்லுக்குப் பீங்கானே சிறந்தது. செங்குத்தாக மோதும் கல்லுக்கு அதுவே மிக மோசமானது. தாடைபோல் கல்லை நசுக்கும் ஜா கிரஷரிலிருந்து வரும் கல் முதலில் மோதும் அந்த ஓரிரு அடியில் எந்த டைலும் வேண்டாம், அது சிர்கோனியா கலந்ததாக இருந்தாலும் சரி. அங்கே மாங்கனீசு எஃகுத் தகடு போடுங்கள். மற்ற இடங்களில் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலித்தால் அடியில் பசை நிரம்பவில்லை, குற்றம் ஒட்டியவருடையது.

அப்படியும் வாங்குவதானால் தர சர்டிபிகேட்டை நம்பாதீர்கள். எனக்கு வந்த ஒரு சர்டிபிகேட்டில் இருந்த லாட் எண் வேறு, டைல் பெட்டியில் இருந்த எண் வேறு. காகிதம் இருந்தால் போதும், பொருளை யாரும் பார்ப்பதில்லை என்ற நம் கொள்முதல் வழக்கம்தான் இந்த ஏஜென்ட்களை வாழவைக்கிறது. மாதிரி டைலை எடைபோட்டுக்கொள்ளுங்கள். பிறகு டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து எடையைப் பூஜ்யமாக்கி, டைலை நூலில் கட்டி அடியில் படாமல் முழுதும் மூழ்கவிடுங்கள். தராசு காட்டும் கிராமால் டைலின் எடையை வகுத்தால், 92 சதவீத அலுமினாவுக்கு 3.6 அளவில் வரும். போதிய அளவு சிர்கோனியா கலந்திருந்தால் 4-ஐத் தாண்ட வேண்டும். தாண்டாத டைலுக்கு இரட்டை விலை கேட்பவரிடம் அந்தத் தராசையே காட்டித் திருப்பி அனுப்புங்கள்.