நரிக்குட்டி வளர்க்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் மனிதர்களோடு வளர்ந்த கயோட்டி என்ற நரி போன்ற காட்டு விலங்கு ஒன்றின் படங்களைப் பார்த்தேன். நாமும் நரிக்குட்டி வளர்க்கலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: அந்தப் படங்களை நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன், அம்மா. மஞ்சள் கண், விறைத்த காது, நுனி கறுத்த வால்... என்ன அழகு! ஓநாய்க்கும் நம் குள்ளநரிக்கும் நெருங்கிய சொந்தம் அது. ஆனால் வளர்ப்பது வேண்டாம். நாய் பல்லாயிரம் ஆண்டுகளாக நம்மோடு பழகிய இனம். கயோட்டி புட்டிப்பால் குடித்து வளர்ந்தாலும் காட்டுப் பிராணிதான். இங்கே நரி வளர்ப்பதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அனுமதிக்காது. நம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி என்னும் சிறு நரியைப் பிடித்துவந்து அதன் முகத்தில் விழிக்கும் வழக்கம் உண்டு. வனத்துறை அபராதம் விதித்துத் தடுக்கிறது, ரொம்பச் சரி. வலையில் சிக்கிய நரியின் மிரட்சியை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ஆசை இருந்தால் கேமராவோடு அதிகாலையில் கரட்டோரம் காத்திருங்கள். படம் கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.