ஒரே விலையில் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவில் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது?

"கட்டணம் உலகம் முழுவதும் ஒன்றுதானே, பிறகு ஏற்றத்தாழ்வு எப்படி வரும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். விலை ஒன்றுதான், அளக்கும் அளவுகோல்தான் மொழிக்கு மொழி மாறுகிறது.

மொழி மாதிரிகளை, அதாவது உரையைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்களை, தங்கள் செயலியில் இணைப்பவர்களிடம், டோக்கன் எனப்படும் துணுக்குகளை எண்ணியே பெரும்பாலும் கட்டணம் வாங்குகிறார்கள். பயிற்சித் தரவில் அடிக்கடி சேர்ந்து வரும் எழுத்துகள் ஒரே துணுக்காக இணைக்கப்படுவதால், இணையத்தில் மிகுந்து கிடக்கும் ஆங்கிலத்தின் சொற்கள் பெரும்பாலும் முழுதாக நிற்க, தமிழ்ச் சொற்கள் பொடிப்பொடியாக உடைகின்றன. 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடிலோ இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்பட்டு ஐந்து குறிகளாகி, அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட் (கணினி நினைவின் சிறு அலகு) பிடிக்கிறது. அதே பெயரை ஆங்கில எழுத்தில் எழுத 5 பைட் போதும். துணுக்குகள் பெரும்பாலும் இந்தப் பைட்களைச் சேர்த்தே உருவாவதால், தமிழ் தொடக்கத்திலேயே பின்தங்குகிறது.

2024 மே மாதம் ஜிபிடி-4ஓ என்ற மொழி மாதிரி வெளியானபோது, அதை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே செய்திக்குத் துணுக்காக்கும் பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 டோக்கனும் தமிழில் 116 டோக்கனும் ஆயின. புதிய முறையில் அவை 24, 35 என்று குறைந்தன. இந்த முன்னேற்றத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் அதுவரை நாம் சுமந்த கூடுதல் செலவில் பெரும்பகுதி வடிவமைத்தவர்களின் தேர்வால் வந்தது என்பதையும் அதுவே காட்டிவிட்டது.

இழப்பு காசோடு நிற்பதில்லை. மாதிரி ஒரே நேரத்தில் கையாளும் துணுக்குகளுக்கு உச்சவரம்பு உண்டு என்பதால், ஆங்கிலத்தில் முழுதாக அடங்கும் நீண்ட பத்திரம் தமிழில் பாதியிலேயே வரம்பைத் தொட்டுவிடக்கூடும்.