ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடுமா?

கேள்வி: எனது பெட்ரோல் காரின் மைலேஜ் சில மாதங்களாகக் குறைந்துவருகிறது. ஏர் ஃபில்டர் அடைத்திருப்பதுதான் காரணம், மாற்றினால் பத்து சதவீதம் வரை மிச்சமாகும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: ஃபில்டர் அழுக்கேறியிருந்தால் மாற்றிவிடுங்கள், ஆனால், பெட்ரோல் மிச்சமாகும் என்று எதிர்பார்த்து மாற்ற வேண்டாம். மெக்கானிக் சொல்வது, காற்றையும் பெட்ரோலையும் கணினி இல்லாமல் கலந்துகொடுத்த பழைய கருவியான கார்புரேட்டர் காலத்துக் கணக்கு. அந்த என்ஜின்களில் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். பெட்ரோல் அதே அளவுக்குக் குறையாது என்பதால் கலவை செறிவாகி எரிபொருள் வீணாகும்.

கணினியின் கட்டளைப்படி பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் கார்களில், உள்ளே வரும் காற்றை ஒரு சென்சார் கணிக்க, புகையில் எஞ்சும் ஆக்சிஜனை இன்னொரு சென்சார் சரிபார்க்க, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தைக் கணினி காத்துவருகிறது. அதோடு, சாதாரண ஓட்டத்தில், ஆக்சிலரேட்டரை அழுத்த அழுத்தத் திறக்கும் த்ராட்டில் வால்வே காற்றைப் பெருமளவு தடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஃபில்டர் கொஞ்சம் கூடுதலாகத் தடுத்தால், நம் கால் தன்னையறியாமல் ஆக்சிலரேட்டரைச் சற்று அதிகம் அழுத்தி அதை ஈடுகட்டிவிடும். முழுமையாக அழுத்தும்போது மட்டும் ஈடுகட்ட வழியில்லாததால் பிக்கப் குறையும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் ஃபில்டர்களை வேண்டுமென்றே அடைத்துச் சோதித்து 2009-இல் வெளியிட்ட அறிக்கையும் இதையே காட்டியது: மைலேஜில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை, வேகமெடுக்கும் நேரம் மட்டும் கூடியது.

ஃபில்டரின் உண்மையான வேலை, சிலிண்டரையும் பிஸ்டன் ரிங்கையும் தேய்க்கும் தூசியைத் தடுப்பது. ஆகவே அடைத்த ஃபில்டரைவிடக் கிழிந்த ஃபில்டரே ஆபத்தானது. அதைக் கழற்றி, மடிப்புகளுக்குப் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனையாக வெளிச்சம் பளிச்சிட்டால் காகிதத்தில் ஓட்டை இருக்கிறது. ஃபில்டரைத் தாண்டி என்ஜினை நோக்கிச் செல்லும் குழாயின் உட்புறத்தை விரலால் தடவும்போது மண் ஒட்டினால், ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை என்று அறியலாம். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடித்துச் சுத்தம் செய்யும் பழக்கம் பரவலாக இருந்தாலும், அது காகிதத்தைக் கிழித்துவிடக்கூடும் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மைலேஜ் குறைந்ததற்கான காரணத்தை வேறிடத்தில் தேடுங்கள். முதலில் டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிபாருங்கள். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தியபின் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால், அதில் பிரேக் முழுமையாக விடுபடாமல் இருக்கலாம். நெடுநேரம் ஓட்டியும் வெப்பமானி முள் வழக்கமான இடத்துக்கு வராவிட்டால், என்ஜின் சூடாகும்வரை குளிரூட்டும் நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கலாம். குளிர்ந்த என்ஜினுக்குக் கணினி கூடுதல் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும்.