குழந்தைக்குக் கொடுமை நடக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் பள்ளி என்ன செய்ய வேண்டும்?

அடியும் பாலியல் சீண்டலும் மட்டும் கொடுமை இல்லை. சோறு, மருந்து, கவனிப்பு இல்லாமல் விடுவதும் கொடுமைதான். வீட்டுக்கு வெளியே பிள்ளையைத் தினமும் பார்ப்பவர் ஆசிரியர். அதனால்தான் பள்ளிக்கு இந்தப் பொறுப்பு. சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மடிக்க விடாத பையன், திங்கட்கிழமை தோறும் சத்துணவைப் பசியோடு அள்ளி அள்ளிச் சாப்பிடும் சிறுமி. ஒரு நாள் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தொடர்ந்து நடந்தால் தேதியோடு எழுதி வையுங்கள்.

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். புயல் கரையைக் கடக்கட்டும் என்று யாரும் காத்திருப்பதில்லை. பாலியல் குற்றம் என்றால் 2012 போக்சோ சட்டமும் அதைத்தான் கேட்கிறது: சந்தேகம் வந்தாலே காவல்துறையிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. மற்ற கொடுமைகளுக்குக் குழந்தைகள் உதவி எண்ணான 1098-இல் அல்லது மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லுங்கள்.

அப்புறம் ஒன்று, பிள்ளையைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குடையாதீர்கள். சொல்வதைக் கேளுங்கள், போதும்.

சந்தேகம் பொய்யாகிவிட்டால் ஆசிரியர் மாட்டிக்கொள்வார் என்று பலர் பயப்படுகிறார்கள். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவருக்குப் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவே பாதுகாப்புத் தருகிறது.